நரகம் பற்றி ஒரு கேள்வி, எழுத்து பிடிபடாத ஒரு பிள்ளை

கேள்வி: வார இறுதியில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆலிமா (மார்க்கக் கல்வி கற்றவள்) நான். 8 முதல் 12 வயது வரை 22 பேர் வருகிறார்கள். ஒரு பிள்ளை குர்ஆனின் முப்பது பாகங்களில் 3 ஜுஸ்உ (பாகம்) மனனம் செய்துவிட்டாள். இன்னொருவனுக்கு இரண்டு வருடமாகியும் அரபி எழுத்தே பிடிபடவில்லை. ஒரு பையனுக்குத் திக்குவாய். ஒரு சிறுமியின் தாயார் இஸ்லாத்தைத் தழுவியவர். தாய்வழிப் பாட்டி, தாத்தா வேறு மதத்தில் இருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு பையன், “என் நண்பன் முஸ்லிம் இல்லை. ரொம்ப நல்லவன். அவன் நரகத்துக்குப் போவானா?” என்று கேட்டான். நான் பதறிப்போய், “ஈமான் (இறைநம்பிக்கை) இல்லாதவர்களுக்குச் சொர்க்கம் இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்தச் சிறுமி அழுதுவிட்டாள். அதற்கப்புறம் அவள் வகுப்புக்கு வரவில்லை. ஒரு தந்தை, “பிள்ளைகள் மனதில் வெறுப்பை விதைக்கிறீர்கள்” என்கிறார். இன்னொரு தந்தை, “சரியாகத்தான் சொன்னீர்கள், ஏன் தயங்குகிறீர்கள்?” என்கிறார். மத நல்லிணக்கத்துக்கு என்று தனிப் பாடம் வைக்கட்டுமா? இவ்வளவு வித்தியாசமான பிள்ளைகளை ஒரே வகுப்பில் எப்படிக் கொண்டுபோவது?

பதில்: வ அலைக்குமுஸ் ஸலாம், சகோதரி.

பிள்ளைகளின் வேகம் ஒரு பிரச்சினை, பிற மதத்தவர் பற்றிய பேச்சு வேறொரு பிரச்சினை என்று பிரித்துப் பார்க்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. தன்னைப் போல் இல்லாத ஒருவரை இந்த வகுப்பு எப்படி நடத்துகிறது என்பதைப் பிள்ளைகள் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து பிடிபடாத அந்தப் பையன் எங்கே உட்காருகிறான்? அவன் முறை வரும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? உங்கள் முகம் எப்படி மாறுகிறது? நல்லிணக்கப் பாடம் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, நல்லதாகவோ கெட்டதாகவோ. அதனால் தனிப் பாடம் இப்போதைக்கு வேண்டாம். பத்து வசனங்களைப் பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அதையும் மனனம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். ஒப்பிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

நான் தொடங்கச் சொல்வது குர்ஆனின் 80-வது அத்தியாயமான அபஸவிலிருந்து. உங்களுக்குத் தெரிந்த சம்பவம்தான். மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து தமக்குக் கற்றுக்கொடுக்கும்படி கேட்கிறார். பேச்சு இடையில் நின்றதில் நபியவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொள்ள, அதைக் கண்டித்து வசனங்கள் இறங்கின. வந்தவருக்குப் பார்வை இல்லை. அந்த முகச்சுளிப்பை அவர் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் அது கண்டிக்கப்பட்டது, மறுமை நாள் வரை ஓதப்படும் வசனமாகவும் ஆனது. நம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கோ கண் நன்றாகவே தெரிகிறது.

அதே மனிதரின் பிற்கால வரலாற்றைத்தான் நாம் போதுமான அளவு சொல்லிக்கொடுப்பதில்லை. மதீனாவில் அவர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்பவரானார். பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்வார், (நோன்பு வைப்பவர்கள்) இப்னு உம்மி மக்தூம் சொல்லும் வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்ற நபிமொழி புகாரி என்ற தொகுப்பில் இருக்கிறது. விடியலைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலையைப் பார்வையில்லாதவரிடம் கொடுத்திருக்கிறார்கள்! எப்படி நடந்தது? “விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது” என்று சுற்றியிருப்பவர்கள் சொன்ன பிறகு அவர் பாங்கு சொல்வார் என்று அதே அறிவிப்பிலேயே வருகிறது. இன்றைக்குக் கல்வித்துறையில் பெரிய பெயர்கள் வைத்துச் சொல்கிறோமே, ஒவ்வொரு மாணவருக்கும் ஏற்ற வசதி, உள்ளடக்கிய கல்வி என்றெல்லாம், அதன் முழு வடிவமும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. பரிதாபப்பட்டு அவருக்குச் சின்ன வேலையாகக் கொடுக்கவில்லை. ஊரே காத்திருக்கும் வேலையைக் கொடுத்து, அவரால் முடியாத ஒரு துண்டை மட்டும் மற்றவர்கள் செய்துகொடுத்தார்கள்.

நான் இதைப் புரிந்துகொண்டது தாமதமாகத்தான். ஓதிக்கொடுக்கத் தொடங்கிய வருடங்களில் எழுத்து வராத ஒரு பையனிடம், “நீ கேட்டுக்கொண்டு மட்டும் இரு, போதும்” என்று சொல்லிப் பின்னால் உட்காரவைத்தேன். கருணை என்று நினைத்துத்தான் செய்தேன். ஒரு வருடம் கழித்து அவன் அம்மா சொன்னார்: “குர்ஆன் எனக்கு இல்லைம்மா, மற்ற பிள்ளைகளுக்குத்தான் என்கிறான்.” இப்போது உள்ளவனுக்கு நான் சொல்லும் ஆலோசனையெல்லாம் அவனுக்குச் செய்யத் தவறியவைதான்.

அரபி எழுத்து ஏன் சில பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது என்று முதலில் பாருங்கள். பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்று. புள்ளி மட்டும்தான் வேறு. ஜீம், ஹா, கா மூன்றும் அப்படித்தான். ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் இன்னொன்று எடுக்கிறது. இதற்கு மேலே ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிரொலிக் குறிகள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இன்னொன்று உண்டு. தாய்மொழியில் வாசிக்கும்போது தடுமாறும் பிள்ளை பொருளைப் பிடித்துக்கொண்டு சொல்லை ஊகித்துத் தப்பித்துவிடும். அரபியில் பொருளே தெரியாததால் அந்த ஊன்றுகோல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சமாளித்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஓதும் இடத்தில் அப்பட்டமாக மாட்டிக்கொள்வது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். உலக முஸ்லிம்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர்தான் அரபு மக்கள். மற்ற எல்லோரும் இந்த மதிலை ஏறித்தான் வந்திருக்கிறோம்.

ஆகவே ஒரே உடல் கொண்ட எழுத்துகளை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பா நன்றாகப் பதிந்து சில வாரம் ஆன பிறகு தா வரட்டும். பெரிய எழுத்தாக எழுதி விரலால் தடவச் சொல்லுங்கள், மணலில் எழுதச் சொல்லுங்கள். நபியவர்களே ஒரு சதுரம் வரைந்து, நடுவில் அதைத் தாண்டி வெளியே போகும் ஒரு கோடு இழுத்து, இது மனிதன், இது அவன் ஆயுள், வெளியே நீள்வது அவன் ஆசை என்று விளக்கியதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார். படம் போட்டுப் பாடம் நடத்துவது சுன்னத்துக்கு (நபிவழிக்கு) புறம்பானது இல்லை. அப்புறம், அவன் காதுக்குத் தீனி கொடுங்கள். சிறிய ஸூராக்களை (அத்தியாயங்களை) செவி வழியே மனனம் செய்யட்டும். செய்த பிறகு அதே ஸூராவின் எழுத்தைக் காட்டுங்கள். தெரிந்த ஒலியைத் தேடிப் போகும் கண், தெரியாத ஒலியைக் கூட்டிச் சேர்க்கும் கண்ணைவிடச் சீக்கிரம் பழகும். அர்த்தத்தையும் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் எல்லோர் முன்னிலையிலும் அவனை ஓதச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். முந்திய வாரமே, “அடுத்த வாரம் இந்த 3 வசனம் உன்னுடையது” என்று சொல்லி அனுப்புங்கள்.

குர்ஆனைத் தேர்ச்சியுடன் ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார், சிரமப்பட்டுத் திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. அவனுக்கு மட்டுமல்ல, 3 ஜுஸ்உ மனனம் செய்தவளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. “உனக்குத்தான் இரண்டு கூலியாயிற்றே” என்று சொல்லிவிட்டு, கற்றுக்கொடுப்பதை நாம் விட்டுவிடக் கூடாது. அவனுடைய சிரமத்துக்கு அவனுக்குக் கூலி. நம்முடைய அலட்சியத்துக்கு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திக்குவாய்ப் பையனுக்கு வழி கொஞ்சம் எளிது. எல்லோருடனும் சேர்ந்து ஒரே குரலில் ஓதும்போது திக்கல் பெரும்பாலும் குறைந்துவிடும். கூட்டாக ஓதுவதில் தொடங்கி, பிறகு இருவராக, அவன் விரும்பினால் தனியாக. அவன் வாக்கியத்தை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். மூஸா நபியின் துஆவை (பிரார்த்தனையை) அவனுக்குக் கற்றுக்கொடுங்கள்: என் நெஞ்சை விரிவாக்கு, என் வேலையை எளிதாக்கு, என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு என்று தாஹா அத்தியாயத்தில் 25 முதல் 28 வரை வருகிறதே, அது. என்னைவிடத் தெளிவாகப் பேசும் என் சகோதரர் ஹாரூனைத் துணைக்கு அனுப்பு என்றும் அவர் கேட்டார் (குர்ஆன் 28:34). எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் அரண்மனைக்கே இறைவன் அனுப்பியது நாவில் முடிச்சு இருந்த ஒருவரைத்தான்.

வேகமாக ஓதும் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: அவளைக் கண்காணியாக்கிவிடாதீர்கள். யார் தப்பாக ஓதினார்கள் என்று சொல்லும் வேலை வேண்டாம். ஹாரூனின் வேலையை, துணை நிற்கும் வேலையைக் கொடுங்கள்.

கண்டிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தொழுகையில் தும்மியவருக்குப் பதில் சொல்லி எல்லோருடைய முறைப்புக்கும் ஆளான முஆவியா இப்னு ஹகம் (ரலி), தொழுகை முடிந்ததும் என்ன நடக்குமோ என்று பயந்தார். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது என்று மட்டும் விளக்கினார்கள். நபியவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை என்கிறார் முஆவியா. கடுமையான தண்டனையில் வளரும் பிள்ளை பொய்யும் பாசாங்கும் பழகிக்கொள்கிறது என்று 14-ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் எழுதிவைத்தார். அப்படிப் பழகிய பிள்ளை நரகம் பற்றிய சந்தேகத்தை உங்களிடம் கேட்கவே கேட்காது. உங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டிருக்கிறான். அந்த அளவுக்கு உங்களிடம் பயமில்லாமல் இருக்கிறான் என்று சந்தோஷப்படுங்கள்.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம்.

நீங்கள் சொன்ன ஒரு வரி கொள்கை பற்றிய பொது வாக்கியம். அவன் கேட்டது ஒரு குறிப்பிட்ட மனிதனைப் பற்றி. இந்த இரண்டையும் நம் அறிஞர்கள் குழப்பிக்கொண்டதில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதனின் முடிவு எப்படி அமையும் என்பது மறைவான ஞானம். அதைச் சொல்லும் அதிகாரம் எந்த ஆசிரியருக்கும் கொடுக்கப்படவில்லை. தூதரை அனுப்பாத வரை நாம் யாரையும் வேதனை செய்வதில்லை என்று 17:15 சொல்கிறது. இதை வைத்து இமாம் கஸ்ஸாலி (1058–1111) ‘பைஸலுத் தஃப்ரிகா’ என்ற நூலில் பிற சமயத்தவரை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார். செய்தியே எட்டாதவர்கள், திரிக்கப்பட்ட செய்தி மட்டும் எட்டியவர்கள், சரியான செய்தி சரியான விதத்தில் எட்டியும் பிடிவாதமாக மறுத்தவர்கள். முதல் இரண்டு பிரிவினரையும் அவர் மன்னிக்கப்படக்கூடியவர்களாகக் கருதுகிறார். இதில் எல்லா அறிஞர்களும் ஒரே கருத்தில் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் நம் பாரம்பரியத்தின் பெரிய இமாம் ஒருவரே ஒரு நூலில் நிதானமாகப் பேசிய விஷயத்தை, பத்து வயதுப் பையனிடம் ஒரு வரியில் முடிப்பது நியாயம் இல்லை. மக்களிடம் அவர்களுக்குப் புரிகிற அளவில் பேசுங்கள் என்று அலீ (ரலி) சொன்னது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. நெருக்கடியிலிருந்து தப்பிப்பதற்காக, “எல்லா மதமும் ஒன்றுதான், விடு” என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் அப்படி நம்பவில்லை. பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். ‘உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம்’ என்று முடியும் காஃபிரூன் அத்தியாயம் வித்தியாசத்தை மறைக்கவில்லை. 6 வசனத்தில் நேராகச் சொல்லிவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்கிறது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற 2:256-உம், பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்ற 6:108-உம் வித்தியாசம் இருக்கும் இடத்தில்தான் பொருள்படும். எல்லாம் ஒன்றுதான் என்றால் சகித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

பையனிடம் நான் சொல்லியிருந்தால் ஏறக்குறைய இப்படிச் சொல்லியிருப்பேன்: “யாரைச் சொர்க்கத்துக்கு அனுப்புவது என்று அல்லாஹ்தான் முடிவு செய்வான். யாருக்கும் அணுவளவும் அநியாயம் செய்ய மாட்டான். நாம் நம்புவது உண்மை என்று நாம் உறுதியாக நம்புகிறோம். உன் நண்பனுக்கு நீ நல்ல நண்பனாக இரு, அது உன் கடமை.” இவ்வளவு போதும். மேலே கேட்டால் மேலே பேசலாம். ஒரு யூதருடைய ஜனாஸா (இறுதி ஊர்வலம்) போனபோது நபியவர்கள் எழுந்து நின்றதையும், “அவர் யூதராயிற்றே” என்று சொல்லப்பட்டபோது, “அதுவும் ஓர் உயிர் இல்லையா?” என்று கேட்டதையும் சொல்லலாம். பத்து வயதுக்கு நன்றாகப் புரிகிற கதை அது.

பிற மதங்களைப் பற்றி வகுப்பில் பேச நேரும்போது எனக்கு முஸ்லிம் அறிஞர் அல்பிரூனிதான் அளவுகோல். 1030-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்து சமய நம்பிக்கைகளைப் பற்றி எழுதும்போது, இது வாதம் செய்யும் நூல் இல்லை, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே வைக்கிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். அதற்காகச் சமஸ்கிருதமும் படித்தார். நாம் சொல்வதை அந்த மதத்துக்காரர் ஒருவர் வாசலில் நின்று கேட்டால், “ஆமாம், நாங்கள் இப்படித்தான் நம்புகிறோம்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முடியாதென்றால் அந்தப் பாடத்தை நடத்தாமலே இருக்கலாம்.

மத்ஹபு (மார்க்கச் சட்ட வழிமுறை) வித்தியாசமும் உங்கள் வகுப்பில் இருக்கும். தொழுகையில் ஒரு பிள்ளை நெஞ்சில் கை கட்டும், இன்னொன்று தொப்புளுக்குக் கீழே. உமரும் ஹிஷாம் இப்னு ஹகீமும் (ரலி) ஃபுர்கான் அத்தியாயத்தை வெவ்வேறு விதமாக ஓதி, உமர் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நபியிடம் வந்தபோது, நபியவர்கள் இருவரையும் ஓதச் சொல்லிக் கேட்டு, இருவரிடமும் “இப்படித்தான் இறக்கப்பட்டது” என்றார்கள். இந்தச் சம்பவத்தைப் பிள்ளைகளை நடிக்கச் சொல்லுங்கள். இழுத்துக்கொண்டு போகும் இடத்தில் சிரிப்பு வரும், பாடமும் பதியும்.

இரண்டு தந்தையரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பஞ்சாயத்து செய்யாதீர்கள். முதலாமவரிடம், உங்கள் பதிலில் அவசரம் இருந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டாமவரிடம், கொள்கையிலிருந்து நீங்கள் இறங்கவில்லை, ஒரு தனி மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்வதிலிருந்துதான் விலகுகிறீர்கள் என்று சொல்லி, மேலே சொன்ன கஸ்ஸாலியின் பகுதியை எடுத்துக் காட்டுங்கள். அவர் அப்போதும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை.

எனக்கு மனதை உறுத்துவது அந்தச் சிறுமிதான். அவளுக்குக் கேட்டது ‘ஈமான் இல்லாதவர்கள்’ என்ற சொல் இல்லை, தன் பாட்டி. அவள் தாயாருக்கு நீங்களே முதலில் போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களின் தாயார் இணைவைப்பவராக இருந்த நிலையில் மகளைப் பார்க்க வந்தார். தாயோடு உறவு பேணலாமா என்று அஸ்மா கேட்டபோது, “ஆம், உன் தாயோடு உறவைப் பேணு” என்றார்கள் நபியவர்கள். மார்க்க விஷயத்தில் உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் அவர்களிடம் நீதமாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்ற 60:8 வசனம் இதையொட்டியே இறங்கியது என்றும் அறிவிப்பு உண்டு. அந்தத் தாய்க்கு இந்த ஹதீஸ் தெரிந்திருக்கும், பல வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்ந்துகொண்டிருப்பார். ஆனால் மகள் அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். “நான் அவசரப்பட்டுச் சொன்னேன், உன் பாட்டியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் எனக்கு உரிமை இல்லை” என்று அவளிடமே சொல்லுங்கள். பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

அவள் திரும்பி வரும் அன்று இதைப் பற்றி வகுப்பில் எதுவும் பேச வேண்டாம். விட்ட இடத்திலிருந்து பாடத்தை எடுங்கள். அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் அதுவரை வேறு யாரையும் உட்காரவைக்காதீர்கள்.